நெடுவலுக்கு ஊற்றிய ரசம்

எங்கள் குசினி வாசலில் ஒரு பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கும். அந்த லித்துவேனியக்காரன் வீட்டுக்கு வந்த முதல் நாள் அது அவன் மூக்கில் மாட்டிக்கொண்டது. ஆறடி ஒன்பது அங்குலம். ஒரு அடி பின்னுக்குப் போய், குனிந்து, தோரணத்துக்குக் கீழால் நுழைந்து வந்து எனக்குக் கை கொடுத்தான்.

"பாருங்கோ, கும்பிட்டுக்கொண்டெல்லோ வாறான்," என்றேன் இவரிடம்.

இவர் சிரிக்கவில்லை. புது ஆட்களுக்கு முன்னால் நான் வாயைத் திறந்தாலே என் மனுசனுக்கு அந்தரம்.

அது 2010. மல்கிரேவில் எங்கள் மகளின் அறை சும்மா கிடந்தது. அவள் கலியாணம் முடித்து சிட்னிக்கு, குவேக்கர்ஸ் ஹில்லுக்குப் போய்விட்டாள். அவள் சின்ன வயதில் கூடைப்பந்து விளையாடியபோது தாய்தகப்பன்மார் முறை வைத்து மேசையில் இருந்து புள்ளி எழுத வேண்டும். பிள்ளைகள் விளையாட்டை விட்டதும் மற்றவர்கள் மேசையையும் விட்டார்கள். என் மனுசன் விடவில்லை. மகள் பந்தைத் தொட்டுப் பத்து வருசமான பிறகும் சனிக்கிழமை தவறாமல் போய் அந்த மேசையில் குந்திக்கொண்டிருந்தார். மகள் விளையாடிய கழகத்தின் பெரிய அணிக்கு ஐரோப்பாவில் இருந்து ஒருவன் வருகிறான், தங்க ஒரு வீடு தேவை என்று அங்கே கதை வந்ததும், என்னை ஒரு சொல் கேட்காமல் ஓம் என்றுவிட்டு வந்தார்.

"அவனுக்கு நான் என்னத்தைச் சமைக்கிறது?"

"அவனுக்கும் வயிறுதானே இருக்கு. நீர் சமைக்கிறதைச் சமையும்."

சமைத்தேன். முதல் கிழமை உறைப்பைக் குறைத்தேன், இரண்டாம் கிழமை குறைக்க மறந்தேன், மூன்றாம் கிழமை அவனே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ரசம் என்றால் உயிர். கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். போதும் என்பதற்கு எங்கள் 'காணும்' என்ற சொல்லை மட்டும் நான் கற்றுக்கொடுக்கவில்லை. அதை மகள்தான் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தாள், என்னிடம் இருந்து தப்புவதற்கு.

முப்பத்தைந்து வயது ஆளை நான் தம்பி என்று கூப்பிட்டேன். கோபம் வந்தால் நெடுவல், அதாவது நெட்டையன். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டுக்கும் "ஓம் அன்ரி" என்பான். மற்றபடி நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். அவனுடையதும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. அதனால் நன்றாக விளங்கியது. அவன் சொன்னதை இங்கே என் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒரு நாள் உடுப்பு மடித்து வைக்கப் போனபோது அவன் அலுமாரியில் ஒன்பது விளையாட்டுப் பனியன்களைக் கண்டேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு இலக்கம். பதினேழு வயதில் தன் ஊர்க் கழகத்தில் தொடங்கி லத்வியா, போலந்து, ஜெர்மனி, சைப்பிரஸ் என்று அவன் விளையாடிய இடமெல்லாம் அந்த அலுமாரிக்குள் இருந்தது. மற்ற விளையாட்டுக்காரர்கள் ஒரே இலக்கத்தைச் சாகும்வரை பிடித்துக்கொண்டிருப்பார்களாம், உனக்கு மட்டும் ஏன் இப்படி மாறி மாறி என்று கேட்டேன்.

"நான் எப்பவும் கடைசியா வந்து சேருற ஆள், அன்ரி. யாரோ ஒருத்தருக்குக் கால் முறிஞ்சால் என்னைக் கூப்பிடுவினம். மிஞ்சிக் கிடக்கிற இலக்கத்தைத் தருவினம்."

அதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுடைய நாட்டில் கூடைப்பந்து கோயில் மாதிரியாம். கிராமத்து மாட்டுக்கொட்டிலின் சுவரிலும் ஒரு வளையம் இருக்குமாம். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்து, ஒரு நாள்கூடத் தேசிய அணிக்குக் கூப்பிடப்படாமல், இடுப்பளவு ஆட்கள் நடமாடும் மல்கிரேவுக்கு வந்து என் மகளின் கட்டிலில் குறுக்குப்பாட்டில் படுத்துக் கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு கணினியில் கதைப்பான். தாய்க்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. என்னைக் கண்டதும் ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டுவா, வெள்ளரிக்காய் ஊறுகாய். நான் ஓடிப்போய் என்னுடைய மாங்காய் ஊறுகாயைத் தூக்கிக் காட்டுவேன். இருவரும் தலையாட்டுவோம். இவ்வளவுதான் எங்கள் கதை. ஆனால் அதைச் செய்யாமல் அந்த மனுசி கணினியை மூட விடமாட்டா.

எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அவன் ஒரு தாள் ஒட்டியிருந்தான். ஊக்கமருந்து விதிகள். இருமல் பாணி குடிப்பதென்றாலும் கழகத்து வைத்தியரைக் கேட்க வேண்டும். சத்துமா, மூலிகை, எண்ணெய் வில்லை எதுவும் கேளாமல் விழுங்கக் கூடாது.

"கண்டறியாத சட்டம்," என்றேன். "வேம்பும் வல்லாரையும் என்ன கஞ்சாவே?"

"வாய்க்குள்ளை போனால் நான்தான் பொறுப்பு, அன்ரி. யார் தந்தது, ஏன் தந்தது எண்டு அவை கேக்க மாட்டினம்."

பிறகு அந்தத் தாளின் மூலையை அழுத்தி ஒட்டினான். "பத்தொன்பது வருசமா விளையாடுறன். ஒரு கிண்ணம் இல்லை. என்ரை பேரைத் தேடினால் ரெண்டு வரி வரும். அந்த ரெண்டு வரியும் சுத்தம். அதோடை வீட்டை போகவேணும்."

இதை அவன் சொன்னது 2011இல், அவனுடைய இரண்டாவது பருவத்தில். அதுதான் கடைசி என்று முடிவெடுத்திருந்தான். ஏற்கெனவே இரண்டு முறை வெட்டித் தைத்த இடது முழங்கால் அந்தக் குளிர்காலத்தில் வீங்கத் தொடங்கியது. காலையில் படுக்கையால் எழும்பிக் குசினிக்கு வரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவான். தோரணத்துக்குக் குனியும்போது முகம் சுளிக்கும். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன், அதற்குத் தடை இல்லை. அவன் காலை ஒரு கதிரையில் நீட்டி வைத்தால் பாதம் அடுத்த கதிரையில் இருக்கும். பெற்ற தாய் உலகத்தின் மற்றப் பக்கத்தில். அந்த முழங்காலைப் பார்க்க இங்கே நான்தான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை த பேசின் என்ற ஊரில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து கார் நிற்கும் இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி தன் மூட்டு வலிக் கதையைச் சொன்னா. போன வருசம் தடி ஊன்றி நடந்தவ, இப்போது படியில் துள்ளி ஏறுகிறா. தமிழ்நாட்டில் ஒரு வைத்தியர் கொடுத்த பொடியாம். அந்த இடத்திலேயே காரைத் திறந்து, பால்மாப் பையில் கட்டியிருந்ததில் பாதியைப் பிரித்து எனக்குத் தந்தா. அதன் மேல் ஒரு எழுத்து இல்லை.

வீட்டுக்கு வந்து அவனிடம் காட்டினேன். அவன் முகர்ந்து பார்த்தான், சிரித்தான், "வேண்டாம் அன்ரி, நன்றி," என்று திருப்பித் தந்துவிட்டான்.

இனி நான் செய்ததைச் சொல்லத்தான் வேண்டும். சின்னப் பிள்ளை மருந்து குடிக்க மாட்டேன் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? வாழைப்பழத்துக்குள் வைத்துத் தீத்துவோம். என் மகளுக்கு அப்படித்தான், என் மனுசனின் சலரோகத்துக்குப் பாவற்காய்ச் சாற்றையும் அப்படித்தான் பருப்புக்குள் ஊற்றியிருக்கிறேன். கேட்டால் வேண்டாம் என்பார்கள், கேட்காமல் கொடுத்தால் சுகம் வரும். அந்த மூளைதான் எனக்கு. அடுத்த நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவனுடைய ரசக் கோப்பையில் மட்டும் ஒரு தேக்கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கினேன்.

காலையில் நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். அங்கே ஒரு கிழவிக்குப் பாணில் பட்டர் பூசுவதென்றாலும் அவவின் உணவு அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பூசுவேன். பதினொரு வருசத்தில் ஒரு தட்டு மாறியதில்லை. அந்தக் கவனத்தை எல்லாம் வேலையிடத்தில் மேலங்கியோடு கழற்றி மாட்டிவிட்டு வந்தேன் போல.

முழங்கால் வற்றியது. உண்மையாகவே வற்றியது. இரண்டு கிழமையில் சுவரைப் பிடிக்காமல் நடந்தான். மூன்றாம் கிழமை விளையாட்டு முடிந்து வந்த இவர் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கதை சொன்னார், இருபத்தொரு புள்ளி, கால் தரையில் நிற்கவே இல்லை என்று. அவன் பின்னால் நின்று வெட்கப்பட்டுச் சிரித்தான். "உங்கடை உப்பு ஒத்தடம், அன்ரி," என்றான். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. குசினிக்குள் போய் எனக்குள்ளேயே சிரித்தேன். உப்பாம், பேய்ப் பெடியன்!

அடுத்த ஞாயிறு காலை. மூவரும் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இவர் சொதியை ஊற்றிக்கொண்டே, "நேற்று விளையாட்டு முடிய ஊக்கமருந்துச் சோதனைக்காரர் வந்தவை. ரெண்டு பேரைப் பிடிச்சவை. ஒராள் எங்கடை ஆள்," என்றார்.

"அது வழமைதான்," என்றான் அவன். "போத்தலிலை சலம் எடுத்தினம். கடைசி ஒரு கிழமை என்னென்ன மருந்து எடுத்தனீங்கள் எண்டு ஒரு தாள் தருவினம். ஒண்டுமில்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சனான்."

எனக்குக் கையில் இருந்த இடியப்பம் அப்படியே நின்றது. ஒன்றுமில்லை என்று எழுதினானாம். என்னை நம்பித்தான் எழுதினான். ஒரு பொய் சொல்லத் தெரியாதவனைக் கையெழுத்து வைத்துப் பொய் சொல்ல வைத்தது நான். எழும்பிக் குசினிக்குள் போனேன்.  அலுமாரியைத் திறந்து பால்மாப் பையைப் பார்த்தேன். குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது, அதை ஏன் மறைக்கிறது. சிட்னிக்குத் தொலைபேசி எடுத்து மகளிடம் குசுகுசுத்தேன்.

"அம்மா! ஆர் யூ சீரியஸ்?" என்று கத்தினாள். பிறகு குரலைத் தணித்து, "உடனே போய்ச் சொல்லுங்கோ. இப்பவே," என்றாள்.

பையை மேசையில், இடியப்பத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "தம்பி, இதை நான் உன்ரை ரசத்துக்குள்ளை போட்டனான். மூண்டு கிழமையா. ஒவ்வொரு நாளும்."

இவர்தான் முதலில் கத்தினார். "உமக்கு விசரே? என்ன செய்து வைச்சிருக்கிறீர்?" முப்பது வருசத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. அவன் கத்தவில்லை. பையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். 

"இதுக்குள்ளை என்ன இருக்கு?"

"தெரியாது, தம்பி."

"உங்களுக்கும் தெரியாதா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான்.

அன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு கழகத்து வைத்தியரிடம் போனான். சில மூட்டுவலிப் பொடிகளில் வெளியில் சொல்லாமல் தடை செய்த மாத்திரைகளை அரைத்துக் கலப்பார்கள், அது அகப்பட்டால் இரண்டு வருசத் தடை, சோதனையில் தெரிந்தால் கடிதம் வரும், முடிவு தெரிய நாளெடுக்கும் என்றாராம் வைத்தியர். நடந்ததை மறைக்காமல் சோதனைக்காரருக்கு எழுதி அனுப்பச் சொன்னார். பின்னேரம் அவனும் இவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினார்கள். நான் பக்கத்தில் நின்று, "நான் எண்டு எழுதுங்கோ, வடிவா எழுதுங்கோ, இவதான் கள்ளமாப் போட்டவ எண்டு எழுதுங்கோ," என்று அழுதேன். எழுதி முடித்ததும் கீழே நானும் கையெழுத்து வைத்தேன்.

பருவத்தில் ஏழு விளையாட்டுகள் மிச்சம் இருந்தன. அவன் வாழ்க்கையிலேயே மிச்சம் இருந்தவை அவை. முடிவு வரும்வரை இறங்க மாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். தான் விளையாடி வென்று, பிறகு ஏதும் வந்தால், மற்றப் பெடியளின் வெற்றியும் நாறிவிடும் என்றான். வெளியில் முழங்கால் வலி என்று சொன்னார்கள். முழங்கால்தான் அந்த நேரம் நல்லாக இருந்தது.

அந்த ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு அவன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். தட்டும் வைக்கவில்லை. அவன் வந்தான், தோரணத்துக்குக் குனிந்தான், தானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தான். நான் ரசக் கோப்பையை அவன் முன்னால் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்தான். குடிக்கவில்லை.

"அன்ரி, இதுக்குள்ளை சாப்பாடு மட்டும்தானே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தண்ணீர் சுடுகிறதா என்று பிள்ளை கேட்பது போலக் கேட்டான். நான் கழுவும் தொட்டிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

அடுத்த நாள் ஒரு கதிரையை அடுப்படிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். "இதிலை இரு. நான் போடுறதை எல்லாம் பார்."

"தேவையில்லை, அன்ரி."

"எனக்குத் தேவை. இரு எண்டால் இரடா நெடுவல்!"

இருந்தான். அன்றிலிருந்து நான் சட்டிக்குள் எதைப் போட்டாலும் முதலில் அவனுக்குத் தூக்கிக் காட்டுவேன், பெயரை உரக்கச் சொல்லுவேன். மிளகு. சீரகம். மல்லி. உள்ளி. பழப்புளி. அவன் திருப்பிச் சொல்லுவான். உப்பைக்கூடச் சொல்லாமல் போடமாட்டேன். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கோயிலிலை அர்ச்சனை மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். அவர் என்னோடு திரும்பக் கதைத்த முதல் வார்த்தை அது.

வேலையால் வந்ததும் முதலில் தபால்பெட்டியைத்தான் திறப்பேன். மின்சாரக் கட்டணச் சீட்டைக்கூட இரண்டு தரம் வாசிப்பேன். ஞாயிறுகளில் கணினிப் பக்கம் போகாமல் ஒளித்துக்கொண்டேன். தாய்க்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. "உங்களைக் காட்டச் சொல்லி அம்மா கேக்கிறா," என்று ஒரு நாள் வந்து கூப்பிட்டான். போனேன். மனுசி வழமை போலப் போத்தலைத் தூக்கிச் சிரித்தா. நான் ஊறுகாயை எடுக்கவும் மறந்து கையைக் கூப்பினேன். அவவுக்கு என்ன விளங்கியதோ, தானும் கூப்பினா.

அத்தனை காலத்தில் ஒருமுறையும் விளையாட்டுப் பார்க்கப் போகாத நான் அந்தச் சனிக்கிழமைகளில் போனேன். அவன் மாற்று ஆட்கள் இருக்கும் ஓரத்து வாங்கில், மற்றவர்களைவிடத் தலையும் தோளும் உயர்ந்து, முழுக்கால்சட்டையோடு இருந்தான். ஒவ்வொரு தரம் பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போதும் அவன் கை மடியில் இருந்து துள்ளி எழும்பும், பிறகு திரும்ப மடிக்குப் போகும். நான் பந்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தேன். ஐந்து சனிக்கிழமை.

ஐந்தாம் கிழமை முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வைத்தியர் அழைத்தார். அவன் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான், ஆட்டினான். நான் கத்தியைக் கீழே வைத்தேன். பிறகு தொலைபேசியை மேசையில் வைத்தான்.

"ஒண்டுமில்லையாம், அன்ரி. சுத்தம்."

என் கடவுளே! கதிரையில் பொத்தென்று இருந்தேன். அவன் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தான், என் முகம் அவன் வயிற்றில்தான் இருந்தது. அந்தப் பொடிக்குள் என்ன இருந்தது, முழங்கால் அதனால்தான் வற்றியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்று. அவனுடைய இரண்டு வரியும் சுத்தமாகவே இருந்தன, ஆனால் அவனுடைய கடைசி ஏழு விளையாட்டில் ஐந்தை நான் தின்றுவிட்டேன். அதை யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அவனிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு இருக்குத்தானே," என்றான்.

அந்த இரண்டிலும் விளையாடினான். முழங்கால் திரும்ப வீங்கியிருந்தது. கடைசி நாள் ஆறு புள்ளி. ஆறையும் இவர்தான் மேசையில் இருந்து எழுதினார். முடிந்ததும் ஆட்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள், நான் என் தொண்டை கட்டும்வரை "தம்பி, தம்பி" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் அதுதான் அவன் பெயர் என்று நினைத்திருப்பார்கள்.

நான்கு நாள் கழித்துப் பின்னேர விமானம். மத்தியானச் சாப்பாட்டுக்குக் குசினிக்கு வந்தான். பெட்டி வாசலில் நின்றது. எங்கள் கழகத்துப் பனியனை, அவனுடைய பத்தாவதை, இவர் கையில் ஏற்கெனவே கொடுத்திருந்தான். இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் ரசச் சட்டியை வைத்து, வழமை போல மிளகை உள்ளங்கையில் எடுத்து அவனுக்குத் தூக்கிக் காட்டினேன்.

அவன் எழும்பினான். அடுப்படிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையைத் தூக்கி, மற்றப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

"என்னடா இது?"

"இண்டைக்குப் பேர் சொல்ல வேண்டாம், அன்ரி," என்றான் யன்னலைப் பார்த்தபடி. "நான் இனி விளையாட்டுக்காரன் இல்லை. நீங்கள் என்ன போட்டாலும் குடிப்பன்."

எனக்குக் கண் மறைத்துவிட்டது. மிளகைப் போட்டேன், சீரகத்தைப் போட்டேன், உள்ளியைத் தட்டிப் போட்டேன். பழக்கதோசத்தில் வாய் திறந்தது, மூடிக்கொண்டேன். கோப்பையில் ஊற்றி அவன் தோளுக்கு மேலால் நீட்டினேன். திரும்பிப் பார்க்காமலே இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.